கீரையில் தொடங்கிய சமையல்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எனக்கும் நிம்மதி. திருவொற்றியூரில் மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. மாடித் தொட்டிகளில் விதைக்காமலே குப்பைக்கீரையும் மூக்கிரட்டையும் முளைத்து நிற்கின்றன.

பேத்தியை அடுப்படியில் விடலாமா என்று கேட்டிருந்தாயே, தாராளமாக விடு. என் பேரப்பிள்ளைகளுக்கு நான் கீரையில்தான் ஆரம்பித்தேன். ஆனால் எந்த இலையைப் பறிக்கலாம் என்பதற்கு முன்னால், எந்த மண்ணில் பறிக்கவே கூடாது என்று சொல்லிக்கொடுத்தேன். எங்க வடசென்னைப் பக்கத்தில் அதுதான் முதல் பாடம். பக்கிங்காம் கால்வாய்க் கரை, கொடுங்கையூர் குப்பைமேடு, மணலி தொழிற்சாலைச் சுவரோரம், எங்கேயும் கை வைக்கக் கூடாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எர்ணாவூர் வீடுகளுக்குள் சுத்திகரிப்பு ஆலை எண்ணெய் புகுந்ததை நீயும் படித்திருப்பாய். இப்படிக் கெட்டுப்போன மண்ணில் ஈயம் இருந்தால், அதைக் கீரை வேர் வழியாக இலைக்கு இழுத்துக்கொள்ளும். அதை எத்தனை தடவை அலசினாலும் போக்க முடியாது. இதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொன்னேன். "அப்போ அங்க இருக்கிற பசங்க எங்க போய்க் கீரை பறிப்பாங்க?" என்று சின்னவள் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை, கோபம்தான் வந்தது.

அதனால் எங்களுக்கு மாடித் தொட்டியும், செங்குன்றம் தாண்டி தம்பி வீட்டுத் தோட்டமும்தான். அங்கே வேலி முழுக்க முடக்கத்தான். உப்பிய காயை உடைத்தால் கறுப்பு விதையில் வெள்ளையாக ஓர் இதயம் தெரியும். அதைப் பார்த்த பிள்ளை அந்தக் கொடியை மறக்காது. மூக்கிரட்டைக்கு இலையின் அடிப்பக்கம் வெளிறியிருக்கும், பூ பொடிப்பொடியாக இளஞ்சிவப்பு. சந்தேகம் வந்தால் பறிக்கவும் கூடாது, வாயில் வைத்துப் பார்க்கவும் கூடாது என்பதில் மட்டும் நான் கறார்.

அப்புறம் சமையல். ஆய்வதும் அலசுவதும் சின்னவள் வேலை. அகலமான பாத்திரத்தில் கீரையை முக்கி, மேலாக அள்ளி எடுக்கப் பழக்கு. தண்ணீரோடு கவிழ்த்தால் அடியில் தங்கிய மண் திரும்பக் கீரையிலேயே விழும். பெரியவன் சின்ன வெங்காயம் உரிப்பான். கொஞ்ச நேரம் தண்ணீரில் ஊறவைத்தால் தோல் லேசாக வந்துவிடும். கத்தி கொடுக்கப் பயப்படாதே. மழுங்கிய கத்திதான் வழுக்கி விரலைப் பதம் பார்க்கும். காயைப் பிடிக்கும் கையில் விரல் நுனிகளை உள்ளே மடக்கச் சொல், போதும். சட்டியில் மத்து வைத்துக் கடைய இரண்டு பேருக்கும் போட்டி. தாளிப்பு மட்டும் இப்போதைக்கு என் கையில். தான் கடைந்த கீரையை அவன் சோற்றில் பிசைந்து, தட்டில் ஒரு பருக்கை விடாமல் சாப்பிடுகிறான். ஊட்டிவிட்ட காலத்தில்கூட அப்படிச் சாப்பிட்டதில்லை.

பொங்கலுக்கு வரும்போது பேத்தியைக் கூட்டிக்கொண்டு வா. உங்கள் தென்காசி வீட்டு வேலியில் தூதுவளை இருந்தால் முற்றிய தண்டு ஒன்று ஈரத்துணியில் சுற்றி எடுத்து வா. தொட்டியில் நட்டுப் பார்க்கிறேன்.

அன்புடன்,
சரோஜா