மாப்ள, மொதல்ல கீபோர்டு, அப்பறம் ட்ராக்பேட்

ஏற்காடு

டேய் மாப்ள,

நல்லா இருக்கியா, தங்கச்சி எப்படி இருக்கா, பெங்களூர் குளிர் அவளுக்கு ஒத்துக்கிச்சா? நீ அனுப்புன வாய்ஸ் மெசேஜ் எல்லாத்தயும் கேட்டேன், குளுக்கோமால பார்வை கொறஞ்ச உனக்குப் பையன் மேக்புக் வாங்கிக் குடுத்தது சந்தோஷம்டா, ஆனா கடைசியா ஒன்னு சொன்ன பாரு, ட்ராக்பேட்ல விரல வச்சா ஒன்னு சொல்லுது, எடுத்துட்டு மறுபடி வச்சா வேற ஒன்னு சொல்லுது, இந்த வயசுல இதெல்லாம் ஆகாது, மூடி அலமாரில வச்சிட்டேன்னு. அதக் கேட்டதுல இருந்து மனசே சரியில்ல. மூடி வைக்காதடா. போன்ல சொன்னா பாதி விட்டுப்போகும், அதான் டைப் பண்ணி அனுப்பறேன், நீயே வரி வரியா நிறுத்தி நிறுத்திக் கேட்டுக்கலாம்.

இங்க நம்ம ஊர் சேதி பெருசா ஒன்னும் இல்ல. பழம் எடுப்பு முடிஞ்சிருச்சு, எஸ்டேட்டுல கூலிக் கணக்கு முடிக்கற வேலை ஓடுது, போன வாரம் ஒரு மழை பேஞ்சதுல காப்பிச் செடி எல்லாம் பூ விட்டு தோட்டம் பூரா வாசமா இருக்கு. சேலத்துக்கு எப்பவாச்சும் எறங்கறேன், அஸ்தம்பட்டி ட்ராஃபிக் முன்ன விட மோசம், ஆனா தட்டுவடை செட் மட்டும் அதே ருசில இருக்கு, நீ வர்றப்ப சேந்து போலாம்.

சரி விஷயத்துக்கு வர்றேன். அந்த ட்ராக்பேட் உன்கிட்ட தப்பா ஒன்னும் சொல்லல மாப்ள. மேக்ல திரைல இருக்கறதப் படிச்சுச் சொல்ற வாய்ஸ்ஓவர்ல ட்ராக்பேட் கமாண்டர்னு ஒன்னு இருக்கு, கன்ட்ரோல் ஆப்ஷன் ரெண்டு கீயயும் அமுக்கிட்டே பேட் மேல ரெண்டு விரல வலப்பக்கமா, அதாவது கடிகாரம் சுத்தற பக்கமா, திருகினா அது ஆன் ஆகும், எதிர்ப்பக்கம் திருகினா ஆஃப். அது ஆன்ல இருக்கறப்ப மவுஸ் அம்புங்கற கதையே கெடையாது, நீ தெறந்து வச்சிருக்கற விண்டோ முழுசும் அந்தப் பேட் அளவுக்குச் சுருங்கி ஒக்காந்துக்கும். பேட்டோட இடது மேல் மூலைல விரல் வச்சா விண்டோவோட இடது மேல் மூலைல இருக்கறதச் சொல்லும், நடுவுல வச்சா நடுவுல இருக்கறது. நீ விரல எடுத்து எடுத்து வச்சுப் பாத்திருக்க, ஒவ்வொரு தடவயும் கொஞ்சம் தள்ளித்தான் வச்சிருப்ப, அதனால ஒவ்வொரு தடவயும் வேற சொல்லியிருக்கு. பட்டன் கெடைக்கணும்னா அப்படித் தடவித் தேடக் கூடாது. ஒரு விரலால வலப்பக்கம் லேசா சுண்டு, அடுத்த ஐட்டம் வரும், இடப்பக்கம் சுண்டுனா முந்தின ஐட்டம். வேணுங்கறது வந்ததும் எங்க வேணா ரெண்டு தட்டு தட்டு, அதுக்கு நேரா மேலதான் தட்டணும்னு இல்ல, பேட்ல எந்த எடமா இருந்தாலும் சரி. இன்னொன்னு, ரெண்டு விரலால ஒரு தட்டு தட்டுனா பேச்சு நிக்கும், மறுபடி தட்டுனா விட்ட எடத்துல இருந்து தொடரும்.

நீ ரொம்ப நேரம் சிக்கிக்கிட்ட எடம் எதுன்னும் எனக்குத் தெரியும். மெயில்ல லிஸ்ட்டு மேல வந்து நிக்குது, உள்ள போக மாட்டேங்குதுன்னு சொன்னல்ல. மேக்ல ஒரு லிஸ்ட்டு, ஒரு டேபிள்னா அது ஒரு பொட்டி, வெளிய நின்னா பொட்டி பேரத்தான் சொல்லும். ரெண்டு விரலால வலப்பக்கம் சுண்டுனா உள்ள போகும், இடப்பக்கம் சுண்டுனா வெளிய வரும். கீபோர்டுல அதே வேலைக்கு கன்ட்ரோல் ஆப்ஷன் ஷிஃப்ட் மூணயும் அமுக்கிட்டு கீழ் அம்பு, வெளிய வர மேல் அம்பு. இது ஒன்னு புரிஞ்சாப் பாதி மேக் புரிஞ்ச மாதிரி.

இப்ப என் அபிப்ராயத்தச் சொல்றேன், நீ கோச்சுக்காத. நீ மொதல்ல கீபோர்டு படி. பையன் ட்ராக்பேட் காமிச்சதுக்குக் காரணம் போன்ல நீ அப்படித்தான் ஓட்டற, ஈசியா வந்துரும்னு நெனச்சிருப்பான், அது நியாயந்தான், ஆனா வேலைன்னு ஒக்காந்து செய்யறதுக்கு கீபோர்டு மாதிரி வராது. நீ அம்மாபேட்டைல பட்டு பார்டருக்கு கிராஃப் போட்ட ஆளு, உனக்கே தெரியும், கிராஃப் தாள்ல முழு டிசைனும் எங்க எது இருக்குன்னு கிடக்கும், ஆனா தறில அது ஒவ்வொரு ஊடை நூலாத்தான் எறங்கும். ட்ராக்பேட் உனக்கு கிராஃப், கீபோர்டு தறி. எது எங்க இருக்குன்னு மனசுல படம் பிடிக்க ட்ராக்பேட் மாதிரி வேற ஒன்னு கெடையாது, அத விட்றாத, ஆனா துணி நெய்யணும்னா தறில ஒக்காரத்தான வேணும்.

காரணம் என்னன்னா மவுஸ் வேலை செய்யறதே கண்ணு அம்பப் பாத்துக்கிட்டே இருக்கறதாலதான், கை நகர, கண்ணு திருத்த. கண்ணு அந்த வேலையச் செய்யாதப்ப கைக்கு நிச்சயமான எடம் ஒன்னு வேணும், கீபோர்டுல அது இருக்கு. எஃப் மேலயும் ஜே மேலயும் சின்ன மேடு இருக்கும், தொட்டுப் பாரு. நீ தமிழ்99ங்கற தமிழ் கீபோர்டு அமைப்புல டைப் பண்ண ஆரம்பிச்சின்னா இடது ஆள்காட்டி விரல் நிக்கற அந்த எஃப் மேட்டுலதான் புள்ளி, ஜே மேட்டுல ப, உயிரெழுத்து எல்லாம் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. இந்த லெட்டர் முழுக்க அதுலதான் அடிக்கறேன், ஒரு எடத்துலயும் யாரயும் கேக்கல.

எனக்கும் பார்வை இல்லாததால நான் விண்டோஸ்ல திரையப் படிச்சுச் சொல்ற ஸ்க்ரீன் ரீடரா என்விடிஏ தான் வச்சிருக்கேன்னு உனக்குத் தெரியும். அது எப்படி வந்துச்சுன்னு சொன்னேனா? ஆஸ்திரேலியாவுல மைக்கேல் கரன், ஜேம்ஸ் டேன்னு ரெண்டு பேர், ரெண்டு பேருக்கும் பார்வை கெடையாது, சின்ன வயசுல பார்வையில்லாத பசங்களுக்கான ஒரு மியூசிக் கேம்ப்ல பழக்கமானவங்க. அப்ப இருந்த ஸ்க்ரீன் ரீடர் எல்லாம் கம்ப்யூட்டர் வெலைக்குச் சமமா வெல சொன்னாங்க, அதான் 2006ல கரன் தானே எழுத ஆரம்பிச்சார், டே கூட சேந்துக்கிட்டார், இன்னைக்கும் இலவசம், மூல நிரலும் எல்லாருக்கும் தெறந்துதான் கெடக்கு. காசு இல்லாதவன் கைக்கும் கம்ப்யூட்டர் போய்ச் சேரணும்னு ரெண்டு சிநேகிதங்க நெனச்சதால ஏற்காட்டு மலைல ஒக்காந்து நான் சம்பளம் வாங்கறேன். அத நெனைக்காத நாள் இல்ல மாப்ள.

எப்படின்னு காமிக்கறேன் பாரு. நேத்து எக்ஸெல்ல பறிப்புக் கணக்கு போட்டுட்டு இருந்தேன். ஒவ்வொரு வரியும் ஒரு ஆள், மேலிருந்து கீழ ஓடற காலம் எல்லாம் கிலோ, கூலி, முன்பணம், பாக்கின்னு இருக்கும். தலைப்பு வரி இதுதான்னு என்விடிஏ கீ, ஷிஃப்ட், சி அமுக்கிச் சொல்லிட்டேன், ஆள் பேர் இருக்கற காலம் இதுதான்னு என்விடிஏ கீ, ஷிஃப்ட், ஆர். அதுக்கப்பறம் வலது அம்பு அமுக்கினா "முன்பணம்"னு சொல்லி தொகையச் சொல்லும், கீழ் அம்பு அமுக்கினா அடுத்த ஆள் பேரச் சொல்லி தொகையச் சொல்லும். எந்தக் கட்டத்துல நின்னாலும் இது யாரோட எந்தக் காசுன்னு கேள்வியே வராது. இத ட்ராக்பேட்ல விரல் வச்சுத் தேடுனா சாயங்காலம் வரைக்கும் தேடிக்கிட்டே இருக்க வேண்டியதுதான். இன்னொன்னு தெரிஞ்சுக்கோ, விண்டோஸ் லேப்டாப்ல டச்பேட் மேக் மாதிரி கெடையாது, அது வெறும் மவுஸ் அம்புதான், உள்ளங்கை பட்டாலே அம்பு எங்கயோ ஓடி அங்க இருக்கறதப் படிக்க ஆரம்பிக்கும், நான் அத ஆஃப் பண்ணியே வச்சிருக்கேன்.

வெப்சைட்ல கூட அப்படித்தான். மேல இருந்து கீழ வரைக்கும் கேட்டுட்டு ஒக்காந்திருக்கணும்னு நீ நெனக்கற, வேண்டாம். எனக்கு எச் ஒரே எழுத்து, அடுத்த தலைப்புக்குத் தாவிரும், கே லிங்க்குக்கு, பி பட்டனுக்கு, டி டேபிளுக்கு, எஃப் ஃபார்ம்ல நிரப்பற கட்டத்துக்கு. உனக்கு மேக்ல கன்ட்ரோல் ஆப்ஷன் கமாண்ட் எச் தலைப்பு தலைப்பா கொண்டுபோகும், கன்ட்ரோல் ஆப்ஷன் யு அமுக்கினா ரோட்டர் தெறக்கும், தலைப்பு எல்லாம் ஒரு லிஸ்ட்டா, லிங்க் எல்லாம் ஒரு லிஸ்ட்டா வரும். பேப்பர் படிக்கறப்ப நீ எப்படி தலைப்ப மட்டும் மேஞ்சுட்டு வேண்டிய எடத்துல நிப்பியோ அத காதால செய்யறது இதுதான்.

ஆனா எழுதறவங்க தலைப்பத் தலைப்பா எழுதியிருக்கணும், எழுத்த பெருசாக்கி கறுப்பாக்கி விட்டா கண்ணுக்குத்தான் தலைப்பு, எங்களுக்கு அது இன்னொரு வரி. போன மாசம் ஒரு பில் கட்டற சைட்டுல போறேன், "பட்டன், பட்டன், பட்டன்", இதத்தான் சொல்லுது, எது கட்டறது எது கேன்சல்னு பேரே கெடையாது. படமா வரஞ்சு வச்சுட்டு உள்ள பேர் எழுதாம விட்டுட்டாங்க. ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு வார்த்தை எழுதற வேலைடா அது! அதச் செய்யாததால என் சொந்தக் காசக் கட்ட பக்கத்து வீட்டுப் பையன வரச்சொல்லி அவன்கிட்ட என் கார்டு நம்பரச் சொல்ல வேண்டியிருக்கு. 2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல இதெல்லாம் எங்களுக்கும் எட்டற மாதிரி இருக்கணும்னு தெளிவா இருக்கு. நான் அவங்களுக்கு எழுதியிருக்கேன், திரும்பவும் எழுதுவேன், நீயும் சிக்குனா சும்மா விடாத, எந்தப் பக்கம் எந்த பட்டன்னு குறிச்சு எழுது, நம்ம எழுதலன்னா இப்படி ஒரு பிரச்சன இருக்கறதே அவங்களுக்குத் தெரியப் போறதில்ல.

இன்னும் கொஞ்சம் சின்னச் சின்ன விஷயம். ஒரே நேரத்துல ரெண்டு கீ அமுக்க கை வலிக்குதுன்னா வாய்ஸ்ஓவர் யுடிலிட்டில கேப்ஸ் லாக்கயும் வாய்ஸ்ஓவர் கீயா வச்சுக்கலாம், ஒரு விரல் போதும், அப்பறம் நான் கன்ட்ரோல் ஆப்ஷன்னு சொல்ற எடத்துல எல்லாம் நீ கேப்ஸ் லாக்னு வச்சுக்கோ. பேச்சு வேகத்த ஆரம்பத்துல கொறச்சு வை, காது பழகப் பழக நீயே ஏத்துவ. ஸ்க்ரீன் கர்ட்டன்னு ஒன்னு இருக்கு, கன்ட்ரோல் ஆப்ஷன் ஷிஃப்ட்டோட அண்டர்ஸ்கோர், திரை முழுசும் கறுப்பாயிரும் ஆனா வேலை நடக்கும், பஸ்ல ரயில்ல பேங்க் கணக்கு பாக்கறப்ப பக்கத்துல ஒக்காந்திருக்கறவன் எட்டிப் பாக்க முடியாது. கன்ட்ரோல் ஆப்ஷன் கே அமுக்கிட்டா அதுக்கப்பறம் எந்தக் கீயத் தொட்டாலும் அது என்ன பண்ணும்னு சொல்லும், ஆனா செய்யாது, பயமில்லாம எல்லாத்தயும் தட்டிப் பாக்கலாம், எஸ்கேப் அடிச்சா பழையபடி வந்துரும்.

டாக்டர் குளுக்கோமால போன பார்வை திரும்பாது, இருக்கறதக் காப்பாத்தலாம்னு சொன்னாருன்னு சொன்ன. அப்ப சொட்டு மருந்த ஒரு வேளை கூட விடாத, அது தனி. ஆனா இருக்கற பார்வைய வச்சு திரைல மூக்க ஒட்டிக்கிட்டு எழுத்தத் தேடித் தேடி தலைவலி வாங்கிக்காதடா. பாக்க முடியறப்பவே கீபோர்டு படிச்சுட்டா நாளைக்கு எப்படி இருந்தாலும் உன் வேலை நிக்காது, உன் டிசைன் எல்லாம் பேர் போட்டு அடுக்கி வைக்கணும்னு ஆசப்பட்டியே, அதயும் நீயே செய்யலாம், பையன் ஆபீஸ் முடிஞ்சு வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்க வேண்டாம்.

இந்த வாரம் ஒன்னு மட்டும் செய். மேக்க அலமாரில இருந்து எடு, கமாண்ட் கீய அமுக்கிட்டே அந்த விரல் ரேகை பட்டன மூணு தடவ டக்கு டக்குன்னு தட்டு, வாய்ஸ்ஓவர் ஆன் ஆகும். அப்பறம் கன்ட்ரோல் ஆப்ஷன் கமாண்டோட எஃப்8, கேக்கலன்னா எஃப்என் கீயயும் சேத்துக்கோ, ஒரு பாடம் தெறக்கும், அதுவே ஒவ்வொன்னா செய்யச் சொல்லி கத்துக் குடுக்கும். அதப் பாதியாச்சும் முடிச்சுட்டு ஞாயித்துக்கெழம ராத்திரி எட்டு மணிக்கு மேல கூப்பிடு, நான் ஃப்ரீயாத்தான் இருப்பேன், நீ மெயில் லிஸ்ட்டுக்குள்ள போய் மொதல் மெயிலத் தெறக்கற வரைக்கும் லைன்லயே இருக்கேன்.

உன்,
ஏற்காட்டு மாப்ள