இரண்டாம் தவணை முடிவில் பெற்றோருக்கு: விட்டிங்டன் ஒப்படை குறித்து

அன்பார்ந்த பெற்றோருக்கு வணக்கம்.

இரண்டாம் தவணை இந்தச் சனிக்கிழமையுடன் நிறைவடைகிறது. பொங்கல் விழா சிறப்பாக நடந்தது. பேச்சுப் போட்டியில் நம் பிள்ளைகள் பரிசு பெற்றார்கள். வாசிப்பில் எல்லா வகுப்புகளிலும் முன்னேற்றம் தெரிகிறது. ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி.

ஏழாம் வகுப்பின் ஒப்படை குறித்து மட்டும் சற்று விரிவாக எழுத வேண்டியுள்ளது. சென்ற மாதம் அவ்வகுப்புப் பிள்ளைகளை ஹைகேட் குன்றின் அடிவாரத்திலுள்ள விட்டிங்டன் நினைவுக் கல்லுக்கும், அவர் அடக்கம் செய்யப்பட்ட புனித மைக்கேல் தேவாலயத்துக்கும் அழைத்துச் சென்று, அறுநூறு ஆண்டுகளுக்கு முன் லண்டன் மேயராக இருந்த ரிச்சர்ட் விட்டிங்டனின் வாழ்க்கையை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி வரச் சொல்லியிருந்தோம். வந்த கொப்பிகளில் பெரும்பாலானவை ஏழைச் சிறுவன், எலி பிடித்த பூனை, திரும்பி வரச் சொன்ன மணியோசை என்று அவரைப் பற்றி வழங்கும் பழங்கதையையே ஒரே வாக்கியங்களில் சொல்கின்றன. பூனைக் கதை அவர் இறந்து ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகே அச்சேறியது என்றும், கல்லின் மீதிருக்கும் பூனை 1964இல்தான் வைக்கப்பட்டது என்றும் பிள்ளைகளுக்கு அங்கேயே சொல்லியிருந்தோம்.

இருந்தாலும் பூனையை மன்னித்துவிடலாம். மொழியைத்தான் மன்னிக்க முடியவில்லை. விட்டிங்டன் 1407இல், இன்று பிரான்சிலுள்ள கலே நகரில், "ஸ்டேப்பிள்" எனப்பட்ட ஆங்கிலேயரின் கம்பளி ஏற்றுமதிச் சந்தைக்கும் மேயராக இருந்தார். மூன்று கொப்பிகளில் அவர் "ஸ்டேப்ளர் ஊசியின் மேயர்" ஆகியிருக்கிறார். வேறொன்றில் "லார்ட் மேயர்" என்ற பட்டம் "கர்த்தர் மேயர்" ஆகியிருக்கிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை இப்படிப் பிழை விடாது. கைப்பேசி மொழிபெயர்த்ததை வீட்டுப் பெரியவர் யாரோ பார்த்தெழுதக் கொடுத்திருக்கிறார்.

இத்தனைக்கும் அந்த மனிதரின் உண்மை வாழ்க்கை பிள்ளைகளை நன்றாகவே ஈர்த்தது. குளொஸ்டர்ஷயரின் போன்ட்லி கிராமத்தில் ஒரு நிலக்கிழாரின் இளைய மகனாகப் பிறந்து, குடும்பச் சொத்து தமக்கு வராது என்பதால் லண்டனுக்கு வந்து துணி வணிகம் பயின்று, இரண்டாம் ரிச்சர்ட் மன்னரின் அரண்மனைக்குப் பட்டும் வெல்வெட்டும் விற்றுச் செல்வரானவர் அவர். 1397இல் பதவியிலிருந்த மேயர் இறந்ததும், நகரத்தாரின் தேர்தலுக்குக் காத்திராமல் மன்னர் இவரை அப்பதவியில் அமர்த்தினார். மன்னர் பறித்து வைத்திருந்த நகர உரிமைகளை 10,000 பவுண் கொடுத்து மீட்க இவர் பேசி முடித்தார். அதே ஆண்டு அக்டோபரில் நகரத்தாரே இவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1423இல் பிள்ளையில்லாமல் இறந்தபோது சொத்தை முதியோர் இல்லத்துக்கும் நூலகத்துக்கும் நியூகேட் சிறையைப் புதுப்பிக்கவும் விட்டுச் சென்றார். அவர் பெயரால் அமைந்த 128 இருக்கைப் பொதுக் கழிப்பறையைத் தேம்ஸின் ஏற்றநீர் கழுவியது என்றபோது பிள்ளைகள் சிரித்த சிரிப்பு அடங்க நேரமெடுத்தது. அந்தச் சிரிப்பு ஒரு கொப்பியிலும் இல்லை.

ஒன்றே ஒன்றைத் தவிர. பத்து வரிதான்; றகர ரகரம் முழுக்கப் பிழை. கடைசி வரி இது: "ராசாதான் அவரை மேயர் ஆக்கினது, பிறகு ராசாட்டயே காசு குடுத்து உரிமையை வாங்கினார், அப்ப அவர் ஆருக்காக நிண்டவர்?" வரலாற்றாசிரியர்களும் கேட்கும் கேள்வி அது. அந்தக் கொப்பிக்கே முதல் மதிப்பெண் வழங்கியுள்ளோம்.

ஆகவே, பிறர் எழுதிக் கொடுத்த ஒப்படைக்கு இனி மதிப்பெண் வழங்கப்படமாட்டாது. இவ்விடயத்தில் எந்தப் பிள்ளைக்கும் விலக்களிக்க இயலாது. அடுத்த தவணையின் முதற் சனிக்கிழமை, ஏழாம் வகுப்பார் கைப்பேசியின்றி வகுப்பிலேயே இதை மீண்டும் எழுதுவார்கள்.

வாரம் முழுவதும் வேலை செய்து, சனிக்கிழமைக் காலையிலும் ஓய்வெடுக்காமல் பிள்ளைகளை அழைத்து வருகிறீர்கள். மதிப்பெண் குறைந்துவிடுமே என்ற அக்கறையில்தான் உதவினீர்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். உதவ விரும்பினால் விட்டிங்டனைப் பற்றி வீட்டில் அவர்களைத் தமிழில் பேசவிட்டுக் கேளுங்கள். எழுத்துப் பிழைகளைத் திருத்தும் வேலையை ஆசிரியர்களிடம் விட்டுவிடுங்கள். மழையிலும் எங்களுடன் ஹைகேட் வரை நடந்துவந்த பெற்றோருக்குத் தனிப்பட்ட நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்