கால் சுற்று போதும், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

பசியாறிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்று ராத்திரி நீ "அப்பா, உங்க பேஸ் கிட்டார் செத்துப் போச்சு, நான் புதுசு வாங்கப் போறேன்" என்று சொன்னதிலிருந்து மனசு சரியில்லை. போனில் விளக்கினால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். கடிதம் என்றால் முழுசாகப் படிப்பாய்.

அது சாகவில்லை. மெல்பர்ன் போன முதல் வாரத்தில் உனக்கு உதடு வெடித்ததே, அதே கதைதான். கிட்டத்தட்ட நாற்பது வருஷம் பினாங்குக் காற்றைக் குடித்த மரம் அது. இங்கே ஜெலுத்தோங்கில் சுவரில் மாட்டிய காலண்டர்கூட ஈரத்தில் நெளியும். நீ அதைக் கொண்டுபோய், ஜூலைக் குளிரில் ராத்திரி முழுக்க ஹீட்டர் ஓடும் அறையில் நிறுத்தி வைத்திருக்கிறாய். ஈரம் போனதும் விரல்பலகை சுருங்குகிறது, கழுத்து பின்பக்கமாக வளைகிறது, கம்பி, விரல்பலகையில் குறுக்கே பதித்த உலோகப் பட்டையில், அதாவது ஃபிரெட்டில், உரசுகிறது. முதல் நாலைந்து ஃபிரெட்டில்தான் ஜீர்ரென்று இரைகிறது என்று நீயே சொன்னாய். அதுதான் அடையாளம். கழுத்தின் ஓரத்தைத் தடவிப் பார், ஃபிரெட் நுனிகள் விரலில் குத்தும். மரம் சுருங்கியிருக்கிறது, உலோகம் சுருங்கவில்லை.

முதலில் சுருதி சேர். தடித்த கம்பியை முதல் ஃபிரெட்டில் ஒரு கையால் அழுத்து. அதே கம்பியைக் கழுத்து உடம்போடு சேரும் இடத்தில் மறு கை முழங்கையாலோ சுண்டுவிரலாலோ அழுத்து. கொஞ்சம் சர்க்கஸ்தான், உன் அறைத்தோழியைக் கூப்பிட்டுக்கொள். இப்போது ஏழாவது, எட்டாவது ஃபிரெட்டில் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்று பார். சாதாரண விசிட்டிங் கார்டு ஒன்று நுழையும் அளவு, அதாவது சுமார் 0.3 மில்லிமீட்டர், இருக்க வேண்டும். டோல் கட்டும் டச் அண்ட் கோ கார்டை வைத்துப் பார்க்காதே, அது ரொம்பத் தடிமன். இடைவெளியே இல்லை என்றால் நான் சொன்னது சரி. தலைப்பக்கம் இருக்கும் ஓட்டையில் ஆலன் கீயை, அந்த அறுகோணச் சாவியை, விட்டு, கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகக் கால் சுற்று திருப்பு. கால் சுற்றுதான். உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி தளரும், நாலு கம்பிகளின் இழுவையில் கழுத்து முன்னால் வரும். ஒரு நாள் விட்டுவிட்டு மறுபடி பார். திரும்பவே மாட்டேன் என்று அடம்பிடித்தால் பலம் காட்டாதே, பழுது பார்க்கும் ஆளிடம் கொண்டுபோ. வெயில் காலத்தில் மறுபடி இறுக்க வேண்டி வரலாம்.

இனி நீ பார்த்து வைத்திருக்கும் ஜாஸ் பேஸ் என்கிற மாடல் விஷயம். அந்தப் படத்தை நானும் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தேன், அம்மா திட்டும்வரை. நல்ல பொருள்தான். கம்பிகள் தலைப்பக்கம் போகும் இடத்தில், நட் பக்கம், கழுத்து 38 மில்லிமீட்டர் அகலம், உன் சின்னக் கைக்கு என்னுடையதைவிட வாகாக இருக்கும். ஆனால் அதில், கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப் இரண்டு, இரண்டும் ஒற்றைச் சுருள். இரண்டு வால்யூமும் முழுசாகத் திறந்திருந்தால் இரண்டின் இரைச்சலும் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒன்றைக் குறைத்தால் ட்யூப் லைட் பக்கத்தில் ம்ம்ம் என்று முனகும். என்னுடையது பிரெசிஷன் பேஸ் மாடல். 1957-ல் வந்த இரண்டாகப் பிளந்த பிக்கப், அதனால் முனகல் இல்லை. கல்யாண தேவான் மண்டபங்களில் தலைக்கு மேலே இருபது ட்யூப் லைட் எரியும்போது அதன் அருமை எனக்குத் தெரிந்தது.

பிரெசிஷனை 1951-ல் கொண்டுவந்த லியோ ஃபெண்டர் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். கிட்டார் வாசிக்கவே தெரியாது. அதுவரை ஆள் உயர டபுள் பேஸைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், டிரம்ஸ் சத்தத்தில் அது கேட்கவும் கேட்காது, விரல் கொஞ்சம் தள்ளினால் சுருதியும் போகும். இவர் ஃபிரெட் போட்டு மின்சாரத்தில் இணைத்தார். சுருதி துல்லியமாக விழும் என்பதால்தான் அந்தப் பெயர். வாசிக்கத் தெரியாதவர் செய்ததால்தான் இத்தனை சுலபமாக இருக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

ஒலியைப் பெருக்கும் ஆம்ப் சின்னது, அடிநாதம் வரவில்லை என்றும் குறைப்பட்டாய். உண்மைதான். தடித்த கம்பி நொடிக்கு 41 தடவை அதிர்கிறது. சின்ன ஸ்பீக்கர் அதைத் தள்ளாது. ஆனாலும் உனக்குக் கேட்கிறது, ஏன்? அதே கம்பி கூடவே எழுப்பும் 82, 123 அதிர்வுகளைப் பிடித்துக்கொண்டு, இல்லாத அடியை மூளையே போட்டு நிரப்பிக்கொள்கிறது. சமையலறை ரேடியோவில் இளையராஜா பாட்டின் பேஸை நான் காதாலேயே எடுத்துக் கற்றது அப்படித்தான். அவர் பாட்டில் பேஸ் தாளம் மட்டும் போடாது, தனியாக ஒரு மெட்டு பாடிக்கொண்டு போகும். முதல் தடவை பெரிய ஸ்பீக்கரில் கேட்டபோது, இத்தனை நாள் நான் பாதியைக் கற்பனைதான் பண்ணியிருக்கிறேன் என்று தெரிந்தது. அறையில் பழக இப்போதைய ஆம்ப் போதும், ஹெட்போன் போட்டுக்கொள். மேடை என்றால் வேறு. கிட்டார்காரன் 30 வாட்டில் காதைக் கிழிப்பான், நமக்கு 300 வேண்டும். 1969-ல் வந்த அம்பெக் எஸ்விடி ஆம்ப் அதற்காகத்தான் 300 வாட். தூக்க இரண்டு பேர் வேண்டும். இப்போது அதே வாட் கைப்பையில் அடங்குகிறது. என் இடுப்பு வலிக்குப் பிறகு கண்டுபிடித்திருக்கிறார்கள்.

நானும் சாமான் பைத்தியம் பிடித்து அலைந்தவன்தான். அந்த பேஸை 1986-ல் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி ஓவர்டைம் காசு 650 மலேசிய வெள்ளியில் வாங்கினேன். மறு வருஷம் மலிவாகக் கிடைத்த அமெரிக்க ஆம்ப் ஒன்றை, பின்னால் 120 வோல்ட் என்று எழுதியிருந்ததைப் படிக்காமல் நம் வீட்டு 240-ல் சொருகினேன். ஒரு பாட்டுகூட வாசிக்கவில்லை. புகை வந்தது. எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை பார்ப்பவன் என்பதை உன் பாட்டி சாகும்வரை சொல்லிக் காட்டினார்.

வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆசை என்றால் வாங்கு. பழையதாகப் பார், கழுத்தைப் பக்கவாட்டில் பிடித்து நுனியிலிருந்து கண்ணோட்டிப் பார்த்த பிறகே காசு கொடு. ஆனால் என்னுடையது கெட்டுப் போனது என்ற காரணத்தைச் சொல்லி வாங்காதே. அதை விற்கவும் வேண்டாம். ஒன்பது வருஷமாக மாற்றாத கம்பிகள் அதில் இருக்கின்றன. மோட்டவுன் இசைத்தட்டுக் கம்பெனியில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் கம்பி அறுந்தால்தான் மாற்றுவாராம். அவரைச் சொல்லி நானும் சிக்கனம் பிடித்துவிட்டேன்.

சனிக்கிழமை செய், செய்ததும் படம் அனுப்பு. ஆலன் கீ பையின் சின்ன அறையில் மஞ்சள் துணியில் சுற்றி இருக்கும். அதே துணிக்குள் அம்மா தண்ணீர்மலை முருகன் கோயில் விபூதிப் பொட்டலமும் வைத்திருக்கிறாள். பார்த்துப் பிரி, ஓட்டைக்குள் கொட்டிவிடாதே.

அன்புடன்,
அப்பா