பேச்சு புரியாத பசுமைக் கட்டடங்கள்: கட்டடக் கலைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கட்டடக் கலைஞர்களுக்கு,

வணக்கம். கட்டடங்களுக்கு ஒலியியல் கணக்குப் போடுவது என் வேலை. பெரும்பாலும் கட்டி முடித்து, ஆட்கள் குடிவந்து, புகார்கள் கிளம்பிய பிறகுதான் எங்களைக் கூப்பிடுகிறார்கள். கூட்ட அறையில் பேசினால் புரியவில்லை, வகுப்பில் கத்த வேண்டியிருக்கிறது, பக்கத்து அறைப் பேச்செல்லாம் இங்கே கேட்கிறது என்பார்கள். போய்ப் பார்த்தால் பல இடங்களில் வாசலிலேயே, சூழலுக்கு உகந்த கட்டடம் என்ற பசுமைச் சான்றிதழ் மாட்டியிருக்கும். இது தற்செயலாக நடப்பதில்லை என்று சொல்லத்தான் இந்த மடல்.

பசுமை என்ற பெயரில் நீங்கள் செய்கிற நல்ல காரியங்களையே எடுத்துக்கொள்வோம். கான்கிரீட் கூரையை மூடாமல் விட்டால் அது பகல் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ளும், ஏசியின் சுமை குறையும். ஃபால்ஸ் சீலிங் இல்லாததால் பொருளும் மிச்சம். பகல் வெளிச்சத்துக்குப் பெரிய கண்ணாடி. அந்த வெளிச்சம் உள்வரை போக வேண்டும் என்று தடுப்புகளைக் குறைக்கிறீர்கள். தூசி தங்காத கடினத் தரை, காற்றுக்குத் திறக்கும் சன்னல். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சரியான முடிவுகள். ஆனால் வழவழப்பான கான்கிரீட் தன்மேல் படும் ஒலியில் நூற்றில் இரண்டு மூன்று பங்கைத்தான் உறிஞ்சும். மிச்சத்தை அறைக்கே திருப்பிவிடும். பேச்சொலியைப் பொறுத்தவரை கண்ணாடியும் ஏறக்குறைய அப்படித்தான். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கட்டடச் சூழலை ஆராயும் மையம் அலுவலகங்களில் பணிபுரிபவர்களிடம் நடத்திய கணக்கெடுப்புகளில், பசுமைக் கட்டடங்கள் காற்றின் தரத்தில் நல்ல மதிப்பெண் வாங்கின. ஒலியில் அந்த முன்னேற்றம் தெரியவில்லை.

இதைக் கணிக்க முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் அருங்காட்சியகத்தின் விரிவுரை அறை இதே நோயால் கிடந்தது. ஒரு சொல்லைச் சொன்னால் ஐந்து நொடிக்கு மேல் அறையில் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குள் பேச்சாளர் அடுத்த பத்துப் பதினைந்து சொற்களைச் சொல்லியிருப்பார். வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் அந்த வேலை வந்தது. பக்கத்தில் இருந்த அரங்கின் இருக்கை மெத்தைகளை ஒலி உறிஞ்சுவதற்காக இரவல் வாங்கி அறையில் பரப்பி, ஊர் அடங்கிய இரவுகளில் ஓர் ஆர்கன் குழாயை ஊதவிட்டு, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். அதிலிருந்து பிறந்த சூத்திரம் எளிமையானது. அறையின் கனமீட்டர் அளவை 0.161ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சலால் (ஒவ்வொரு பரப்பையும் அது உறிஞ்சும் பங்கால் பெருக்கிக் கூட்டியது) வகுத்தால் எதிர்முழக்க நேரம் கிடைக்கும். ஒலி 60 டெசிபல் (ஒலியின் அளவைச் சொல்லும் அலகு) தணிய எடுக்கும் நேரம் அது.

ஒரு துண்டுத் தாளில் போட்டுப் பாருங்கள். 9 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள வகுப்பறை: 189 கனமீட்டர், எல்லா முகங்களும் சேர்த்து 222 சதுர மீட்டர். சராசரியாக நூற்றில் ஐந்து பங்கு உறிஞ்சினால் மொத்த உறிஞ்சல் 11 சதுர மீட்டர்தான். வெற்று அறையின் எதிர்முழக்க நேரம் 2.7 நொடிக்கு மேல் போகிறது. கூரை முழுக்க, நூற்றில் 85 பங்கு உறிஞ்சும் பேனலைப் போட்டால் அது அரை நொடிக்கு இறங்கிவிடும். உலக சுகாதார நிறுவனம் 1999இல் வகுப்பறைக்குச் சொன்ன அளவு சுமார் 0.6 நொடி, பின்னணி இரைச்சல் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது என்றும் சொன்னது. அதாவது கட்டடம் எழுவதற்கு முன்பே, ஐந்து நிமிடத்தில், அந்த அறை தேறுமா தேறாதா என்று தெரிந்துவிடும்.

தேறாத அறையில் நடப்பது வெறும் எரிச்சலோடு நிற்பதில்லை. இரைச்சல் கூடினால் மனிதர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவார். எத்தியன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இலேயே இதைப் பதிவு செய்தார். எதிரொலிக்கும் அறையில் எல்லோரும் ஒருவரை ஒருவர் மிஞ்சப் பேச, அறை தானாகவே சந்தைக்கடை ஆகிவிடும். ஆசிரியர்களுக்கு மற்ற தொழில்காரர்களைவிடக் குரல் கோளாறு அதிகம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். பெரியவர்கள் காதில் விழாத பாதிச் சொல்லை ஊகித்து நிரப்பிக்கொள்வார்கள். சிறு குழந்தைக்கு அந்த மொழிக் கையிருப்பு இன்னும் சேரவில்லை. காது கொஞ்சம் மந்தமான குழந்தை, வேறு மொழியில் படிக்க வந்த குழந்தை என்றால் இன்னும் பாடு. மருத்துவமனை வார்டுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அதே வழிகாட்டுதல் இரவில் 30 டெசிபல் என்கிறது. கடினத் தரையும், எந்நேரமும் கூவும் கருவிகளும் இருக்கும் வார்டு எதிலும் அந்த எண்ணைக் காண்பது அபூர்வம். நோயாளி விழித்துக்கொள்ளாவிட்டாலும் தூக்கத்துக்குள்ளேயே இதயத் துடிப்பு இரைச்சலுக்கு எதிர்வினை காட்டுகிறது.

சரி, கூரையை மூடினால் கான்கிரீட்டின் குளிர்ச்சி போய்விடுமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. முழுக்க மூட வேண்டாம். பேனல்களைக் கூரைத் தளத்திலிருந்து இறக்கி, இடைவெளி விட்டுத் தொங்கவிடுங்கள். காற்று சுற்றிப் புழங்கும், தளம் தன் வேலையைத் தொடரும். தொங்கும் பேனல் இரண்டு பக்கமும் ஒலியை வாங்குவதால் குறைந்த பொருளே கூடுதல் வேலை செய்யும். எனக்குப் பிடித்த பசுமைப் பொருள் அந்த இடைவெளிதான். ஒலி உறிஞ்சலுக்குத் தடிமன் முக்கியம். 100 ஹெர்ட்ஸ் கீழ்ச்சுருதி ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர், சுவரில் ஒட்டிய ஒரு சென்டிமீட்டர் ஃபெல்ட் (அழுத்திய நார் விரிப்பு) அதை ஒன்றும் செய்யாது. அதே ஃபெல்ட்டுக்குப் பின்னால் ஒரு சாண் காற்று விட்டால் நிலைமை மாறும். காற்றுக்கு விலையும் கிடையாது, கரியமில உமிழ்வும் கிடையாது.

பொருள்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. முன்யோசனை இல்லாத கட்டடத்துக்குக் கடைசியில் வருவது மலிவான பாலியூரித்தேன் ஃபோம்தான். 2003இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஓர் இரவு விடுதியில் 100 பேரும், 2013இல் பிரேசிலின் சாண்டா மரியாவில் 242 பேரும் இறந்த தீ விபத்துகளில், வாணவேடிக்கையின் பொறி பிடித்துக்கொண்டது சுவரிலும் கூரையிலும் இருந்த ஒலித்தடுப்பு ஃபோமில்தான். நச்சுப் புகை நிமிடங்களில் பரவியது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் கூரையில் தெளித்த ஒலிப்பூச்சுகள் பலவற்றில் புற்றுநோய் தரும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்த கதையும் நமக்குத் தெரியும். ஆகவே உறிஞ்சல் எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். தீ வகைப்பாட்டைக் கேளுங்கள், பசையில் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சுப்பொருள் உண்டா என்று கேளுங்கள், ஆயுள் முடிந்தபின் கழற்ற முடியுமா என்றும் கேளுங்கள். மரநார் சிமென்ட் பலகை, பழைய பாட்டில்களிலிருந்து செய்த பாலியெஸ்டர் ஃபெல்ட், மறுசுழற்சிக் கண்ணாடி கலந்த கண்ணாடிக் கம்பளி, செய்தித்தாள் செல்லுலோஸ் எல்லாம் நன்றாகவே வேலை செய்யும். முட்டை அட்டை செய்யாது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். அப்புறம், பராமரிப்புக்காரர் பேனல்மேல் சாதாரணப் பெயின்ட் அடித்துத் துளைகளை அடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு குழப்பம் அடிக்கடி வருகிறது. உறிஞ்சும் பேனல் அறைக்குள் உள்ள ஒலியைத்தான் அடக்கும். பக்கத்து அறைப் பேச்சைத் தடுக்கக் கனமான, இடைவெளியில்லாத சுவர் வேண்டும். சுவர்ப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு ஓட்டை இருந்தால், மீதி எவ்வளவு கனமாக இருந்தாலும் 20 டெசிபலுக்குமேல் தடுக்காது. கதவடி இடைவெளியும், ஃபால்ஸ் சீலிங்கோடு நின்றுவிடும் தடுப்பும் இப்படித்தான் பணத்தை வீணாக்குகின்றன. லிஃப்டையும் இயந்திர அறையையும் படுக்கையறைக்கு ஒட்டாமல் வரைவதற்கோ ஒரு காசும் ஆகாது.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த திட்டத்தில், ஒவ்வொரு முக்கிய அறையின் வரைபடத்திலும் பரப்பளவுக்குப் பக்கத்தில் எதிர்முழக்க நேரத்தையும் பின்னணி இரைச்சல் வரம்பையும் எழுதுங்கள். ஒப்பந்தப்புள்ளியிலும் அதே எண்கள் இருக்கட்டும், செலவைக் குறைக்கும்போது முதலில் வெட்டப்படுவது கூரைப் பேனலாக இல்லாமல் இருக்க. சாவியைக் கொடுக்கும் முன் அளந்து பாருங்கள். கருவியோடு வந்தால் அரை நாள் வேலை. சான்றிதழ் குழுக்களில் இருப்பவர்கள் ஒலியை, விரும்பினால் மட்டும் பெறும் புள்ளியிலிருந்து கட்டாயத்துக்கு நகர்த்துங்கள். எங்களைக் கூப்பிடுவதாக இருந்தால் முதல் கூட்டத்துக்கே கூப்பிடுங்கள், அப்போது பாதி யோசனைகள் செலவில்லாதவையாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓர் ஒலியியல் ஆலோசகர்