பாரம் ஏற்றினால் பின்பக்கம் அலையும் ஸ்டேஷன் வேகன்: “இது மாடலின் இயல்பு” என்ற பதிலுக்கு மறுப்பு

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: முழு பாரத்தில் வண்டியின் பின்பக்கம் இறங்குவதும் நிலைதடுமாறுவதும், மூன்று முறை சர்வீஸுக்குக் கொண்டுபோயும் சரியாகாதது.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். பதினேழு மாதங்களுக்கு முன் தங்கள் நிறுவனத்தின் உயர்ரக ஸ்டேஷன் வேகனை, அதாவது கூரை பின்கோடி வரை நீண்டு டிக்கி பெரிதாக இருக்கும் காரை, வாங்கினேன். இதுவரை 14,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. தனியாக ஓட்டும்போது வண்டியைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. பின்சீட்டில் ஆள் உட்கார்ந்து டிக்கியும் நிறைந்துவிட்டால், நான் வாங்கியது வேறு வண்டியோ என்று தோன்றுகிறது. இதைச் சொல்லி மூன்று முறை தங்கள் சர்வீஸ் சென்டருக்குப் போய்வந்தேன். கடைசியில் எழுத்தில் கிடைத்த பதில் ஒரே வரி: “இது இந்த மாடலின் இயல்பு.” அந்த வரியை என்னால் ஏற்க முடியாது. ஏன் என்பதற்கு நானே அளந்து குறித்த கணக்கு கையில் இருக்கிறது.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதங்களுக்கு முன், நெடுஞ்சாலையில் நாங்கள் நாலு பேர்: நான், மனைவி, மகள், என் அம்மா. டிக்கியில் ஒரு வாரத்துக்கான பெட்டிகளும் அம்மாவின் மடக்குச் சக்கர நாற்காலியும். கிளம்பும் முன், கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முழு பாரத்துக்கு என்ன அளவு போட்டிருக்கிறதோ அதன்படி நாலு டயருக்கும் காற்று பிடித்திருந்தேன். வேகம் 100. இறக்கத்தில் நீளமான ஒரு வலது வளைவு. அதன் நடுவில் ஏதோ லாரி டயரிலிருந்து உரிந்த ரப்பர் துண்டு கிடந்தது. ஸ்டீயரிங்கை லேசாக இடப்பக்கம் ஒடித்து உடனே திருப்பினேன். முன்பக்கம் சொன்னபடி கேட்டது. பின்பக்கம் சற்றுத் தாமதித்து வெளியே வீசியது, திரும்பி வந்தது, எதிர்ப்பக்கம் இன்னொரு தடவை போனது. டாஷ்போர்டில் ஈஎஸ்பி (வண்டி சறுக்காமல் தானே பிரேக் பிடித்து நிலைநிறுத்தும் அமைப்பு) விளக்கு மினுக்கியது. மூன்றாவது ஆட்டத்தில்தான் வண்டி அடங்கியது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அரைமணி நேரம் கழித்து நிறுத்தி, அவர் பக்கத்துக் கதவைத் திறந்தபோது பார்த்தேன்: மேலே இருக்கும் கைப்பிடியை அவர் அதுவரை விடவே இல்லை.

இந்த வகை வண்டிகளைப் பற்றித் தெரியாமல் வாங்கியவன் அல்ல நான். ஸ்டேஷன் வேகன் என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை. 1994இல் வோல்வோ நிறுவனம் தன் 850 எஸ்டேட் வேகனைப் பிரிட்டிஷ் டூரிங் கார் பந்தயத்தில் இறக்கியது, அதே ஆண்டு ஆடி நிறுவனம் போர்ஷேயோடு சேர்ந்து 315 குதிரைத்திறனில் ஆர்எஸ்2 அவான்ட் வேகனைக் கொண்டுவந்தது என்று எல்லாவற்றையும் தேடித் தேடிப் படித்தவன். வாங்குவதற்கு முன் ஒரு வருடம் முழுக்க ஒப்பிட்டுப் பார்த்தேன். அப்போது கண்ணில் பட்ட ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என் புகாரே அதில்தான் இருக்கிறது.

பூஜ்யத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட, 2022இல் வந்த பிஎம்டபிள்யூ எம்3 டூரிங் வேகனுக்கு அந்த நிறுவனம் சொன்ன நேரம் 3.6 நொடி. 2019இல் வந்த ஆடி ஆர்எஸ்6 அவான்ட்டுக்கும் 3.6 நொடி. 2024இல் வந்த பிஎம்டபிள்யூ எம்5 டூரிங்குக்கும் அதே 3.6 நொடிதான். முதல் வண்டி 510 குதிரைத்திறன், இரண்டாவது 600, மூன்றாவது பெட்ரோல் இன்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்து 727. எடையும் அப்படியே ஏறிக்கொண்டு போகிறது: எம்3 டூரிங் இரண்டு டன்னுக்குள், ஆர்எஸ்6 இரண்டு டன்னைத் தாண்டி, எம்5 டூரிங் ஏறக்குறைய இரண்டரை டன். தாளில் மூன்றும் ஒன்று. முதல் இரண்டையும் நான் ஓட்டிப் பார்த்தேன். ஓட்டினால் இரண்டும் வேறு வேறு உலகம். எம்3 டூரிங்கில் ஸ்டீயரிங்கைத் தொட்டதும் மூக்கு உள்ளே திரும்புகிறது, குழிகள் முதுகில் தெரிகின்றன. ஆர்எஸ்6இல் எட்டு சிலிண்டர் வி8 இன்ஜினின் பெரும்பகுதி முன் அச்சுக்கும் முன்னால் உட்கார்ந்திருக்கிறது, வளைவுக்குள் நுழையும்போது அந்தக் கனம் கைக்குத் தெரிகிறது. நான் ஓட்டியதில் பின்சக்கரங்களும் திரும்பும் வசதி இருந்ததால் இறுக்கமான திருப்பங்களில் அந்தக் கனம் பாதி மறைந்துபோனது. ஆக, நொடிக் கணக்கை வைத்து ஒரு வேகனை எடை போட முடியாது என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

தங்கள் வண்டியைத் தேர்ந்தெடுத்தது அதனால்தான். வேகத்தில் அது இவற்றுக்குப் பின்னால்தான், அது எனக்குப் பொருட்டே இல்லை. தங்கள் விளம்பரக் கையேட்டில் ஒரு வாக்கியம் இருந்தது: எவ்வளவு பாரம் ஏற்றினாலும் ஏர் சஸ்பென்ஷன் (இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகள் வண்டியைத் தாங்கும் அமைப்பு) பின்பக்கத்தை ஒரே உயரத்தில் நிறுத்தும் என்று. அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் வாங்கினேன்.

இது புதிதாகக் கண்டுபிடித்த வசதியும் அல்ல. மெர்சிடிஸின் முதல் டி மாடல் வேகன் 1978இல் உற்பத்திக்கு வந்தபோதே, பின்பக்க உயரத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் சஸ்பென்ஷன் அதில் எல்லா வண்டிக்கும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. வேகனுக்கு அது ஏன் தேவை என்பது அப்போதே தெரிந்திருந்தது. பாரம் முழுவதும் பின் அச்சின் மேலும் அதற்குப் பின்னாலும்தான் விழுகிறது. பின்பக்கம் தாழ்ந்தால் முன்பக்கம் இலேசாகி ஸ்டீயரிங்கின் பிடிப்பு குறைகிறது. பின்சக்கரங்களின் கேம்பரும் (மேல்பகுதி உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்) டோவும் (முன்பகுதி உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) காலியாக இருந்தபோது வைத்த கோணத்தில் நிற்பதில்லை. ஷாக் அப்சார்பருக்குக் கீழே அசைய இடமும் மிச்சம் இருக்காது. ஒரு பக்கம் மட்டும் கூடுதலாகத் தாழ்ந்தால் கேட்கவே வேண்டாம், நேர் ரோட்டிலேயே வண்டி இழுக்கும்.

என் வண்டியில் நடப்பது இதுதான்.

முதல் தடவை சர்வீஸுக்குப் போனபோது ஒரு டெக்னீஷியன் காலி வண்டியைத் தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து “ஒன்றும் தெரியவில்லை சார்” என்றார். அவர் சொன்னது உண்மைதான், காலியாக ஓட்டினால் எதுவும் தெரியாது. இரண்டாம் தடவை, பாரத்தோடு ஓட்டிப் பாருங்கள் என்று கேட்டேன். அப்படி ஒரு சோதனை எங்கள் நடைமுறையில் இல்லை என்று சொல்லிவிட்டு, வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணம்) மட்டும் பார்த்து, எல்லாம் அளவுக்குள் இருக்கிறது என்று தாளைக் கையில் கொடுத்தார்கள். அதுவும் காலி வண்டியில் எடுத்த அளவு. மூன்றாம் தடவை, வலது பின் டயரின் உள் ஓரம் தேய்ந்திருப்பதைக் காட்டினேன். உள் ஓரத்தில் பள்ளத்தின் ஆழம் 3.1 மி.மீ., வெளி ஓரத்தில் 5.4. காற்று குறைவாக வைத்து ஓட்டியிருக்கிறீர்கள் என்றார்கள். இது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. காற்று குறைந்தால் டயரின் இரண்டு ஓரமும் தேயும். உள் ஓரம் மட்டும் தேய்கிறது என்றால் சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாய்ந்தபடி ஓடுகிறது என்று அர்த்தம். டயர் கடையில் வேலை கற்றுக்கொள்ளும் பையனுக்கும் தெரிந்த விஷயம் இது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை காற்றைப் பார்த்து நோட்டில் எழுதிவைக்கும் என்மேல் பழியைப் போட்டிருக்க வேண்டாம்.

சரி, நாமே பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். சமதளமான சிமென்ட் தரையில் வண்டியை நிறுத்தி, சக்கரத்தின் மையத்திலிருந்து மேலே இருக்கும் வளைவின் விளிம்பு வரை டேப் வைத்து அளந்தேன். காலியாக இருக்கும்போது பின்பக்கம் இடமும் வலமும் 372 மி.மீ. அப்புறம் 20 லிட்டர் தண்ணீர் கேன்கள் பன்னிரண்டை டிக்கியில் இரண்டு பக்கமும் சமமாக அடுக்கினேன், தண்ணீர் மட்டும் 240 கிலோ. அனுமதித்த பாரத்துக்குள் அது அடங்கும். இன்ஜினை ஓடவிட்டு, சஸ்பென்ஷன் தன்னைச் சரிசெய்துகொள்ள முழுதாகப் பத்து நிமிடம் கொடுத்தேன். மறுபடி அளந்தால் இடது 351, வலது 340. அதாவது கையேடு சொன்னதற்கு மாறாக ஒரு பக்கம் 21 மி.மீ., மறுபக்கம் 32 மி.மீ. இறங்கியிருக்கிறது.

ஒருவேளை சர்வீஸ் சென்டர் சொன்னதுபோல் மாடலே இப்படித்தானோ என்ற சந்தேகம் எனக்கும் வந்தது. அதனால் அடுத்த வாரமே, இதே மாடலை இதே ஆண்டில் வாங்கிய நண்பர் ஒருவரிடம் கேட்டு, அதே தரையில், அதே கேன்களை அதே மாதிரி அடுக்கி அளந்தேன். அவருடைய வண்டியில் பாரத்துக்கு முன் இரண்டு பக்கமும் 372. பாரம் ஏற்றிய கையோடு தாழ்ந்தது, சஸ்பென்ஷனுக்குக் காற்றை ஏற்றும் கம்ப்ரஸர் ஓடும் மெல்லிய சத்தம் கேட்டது, பின்பக்கம் மெதுவாக எழுந்து நின்றது. இடது 370, வலது 371. என் வண்டியில் அந்தச் சத்தம் நாலைந்து நொடியில் நின்றுவிட்டது என்பது அப்போதுதான் உறைத்தது. பிறகு அவர் அனுமதியோடு அந்த வண்டியைப் பாரத்தோடு அதே வளைவில் ஓட்டிப் பார்த்தேன். ஒரே அசைவு, அவ்வளவுதான், அடங்கிவிட்டது. அடடா, இதையல்லவா நான் வாங்கினேன் என்று இருந்தது.

ஆகவே இது மாடலின் இயல்பு அல்ல, என் வண்டியின் பழுது. நான் மெக்கானிக் இல்லை, எது கெட்டிருக்கிறது என்று அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். ஆனால் ராத்திரி முழுக்கக் காலியாக நிறுத்திவைத்தும் உயரம் குறையவில்லை என்பதால் காற்றுக் கசிவுக்கு வாய்ப்பு குறைவு என்றே நினைக்கிறேன். பின்பக்க உயரத்தை அளக்கும் சென்சாரையும் கம்ப்ரஸரையும்தான் முதலில் பார்க்க வேண்டும். வலது பக்கம் கூடுதலாக இறங்குவதற்கும் தனியாகக் காரணம் இருக்கலாம்.

நான் கேட்பது இவ்வளவுதான். வண்டியைப் பாரத்தோடு, நான் உடனிருக்கும்போது சோதிக்க வேண்டும். அளவுகளை எழுதித் தர வேண்டும். பழுதான பாகத்தை வாரன்டியில் மாற்றி, பாரம் ஏற்றிய நிலையிலும் உயரம் சரியாக நிற்கிறதா என்று பார்த்த பிறகே வண்டியைத் திருப்பித் தர வேண்டும். இந்தப் பழுதால் தேய்ந்த பின் டயர் இரண்டையும் தங்கள் செலவிலேயே மாற்றித் தர வேண்டும். “இயல்பு” என்று எழுதிய பதிலையும், காற்று குறைவு என்று என் சர்வீஸ் பதிவேட்டில் போட்டிருக்கும் குறிப்பையும் நீக்க வேண்டும். வாரன்டி முடிய இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. அந்தக் குறிப்பு அப்படியே கிடந்தால் நாளைக்கு வேறு எதற்குப் போனாலும் அதையே காட்டுவார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாரத்தோடு ஓட்டிப் பார்க்கும் நடைமுறையே இல்லை என்றால், வேகன் விற்கும் நிறுவனத்துக்கு அது பெரிய குறை. மற்ற கார்களில் எப்போதோ நிரம்பும் டிக்கி, வேகன் வாங்கியவர் வீட்டில் வாராவாரம் நிரம்புகிறது. எனக்கு வந்தது மற்றவர்களுக்கும் வந்திருக்கலாம். காலி வண்டியை ஓட்டிப் பார்த்து ஒன்றும் இல்லை என்று அவர்களையும் அனுப்பியிருப்பார்கள்.

பதினைந்து நாளுக்குள் பதிலை எதிர்பார்க்கிறேன். அதுவரை இந்த வண்டியில் அம்மாவை ஏற்றப்போவதில்லை. அளந்தபோது எடுத்த படங்கள், அலைன்மென்ட் தாள், காற்றழுத்தம் எழுதிய நோட்டின் நகல் ஆகியவற்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். பன்னிரண்டு கேன்களும் வீட்டில்தான் இருக்கின்றன. சோதனைக்கு எந்த நாள் என்று சொன்னால், தண்ணீர் நிரப்பி நானே கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்