உப்புத் தோணி போன கால்வாய்

ஆசிரியருக்கு,

பக்கிங்ஹாம் கால்வாயைத் தூர்வாருவது பற்றிய செய்தியில் சென்னைப் பகுதி மட்டுமே பேசப்பட்டிருந்தது. 1806-இல் எண்ணூர் நோக்கி வெட்டத் தொடங்கிய கால்வாய் இது. 1876-78 தாது வருடப் பஞ்சத்தில், கூலிக்கு மண் சுமந்தவர்கள் அடையாற்றையும் கூவத்தையும் இதனால் இணைத்தார்கள். தெற்கே மரக்காணம் வரை நீளும் இந்த நீர்வழியை நகரத்துச் சாக்கடையாக மட்டும் பார்ப்பது சரியல்ல.

என் தாத்தா உப்புத் தோணிக்காரர். காற்று விழுந்தால் கரையிறங்கித் தோளில் கயிறு போட்டு இழுப்பார்களாம். அந்தத் தழும்பு அவருக்குக் கடைசிவரை இருந்தது. அவர் நடந்த கரையில் இன்று சீமைக்கருவேலம். மரக்காணம் பக்கமும் அளந்து எல்லைக்கல் நட்டு, அந்த இழுவைப் பாதையை முதலில் மீட்க வேண்டும்.

– ஒரு வாசகர், மரக்காணம்