காலி மாத்திரை அட்டைகளைச் சேர்த்து வைத்த அவ்வாவுக்கும் உடன் நின்ற அனைவருக்கும்

அஞ்செட்டி மலைப்பகுதி மக்களுக்கும், என்னோடு பணிபுரியும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்களுக்கும், எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தாருக்கும் என் வணக்கம்.

என் வீட்டில் நேர்ந்தது என்ன என்பதை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். அதை மறுபடியும் எழுதும் தெம்பு எனக்கு இன்னும் வரவில்லை. எழுத வேண்டிய தேவையும் இல்லை. நோய்வாய்ப்பட்டு மருத்துவமனையில் இருந்த என் கணவர் வீடு திரும்பிவிட்டார், சுவரைப் பிடித்துக்கொண்டு திண்ணை வரை நடக்கிறார், களியைத் தம் கையாலேயே பிட்டு உண்கிறார் என்பதை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன். விசாரிக்க வந்தவர்களுக்கும், பணமாகவும் பொருளாகவும் உழைப்பாகவும் கொடுத்தவர்களுக்கும் அந்த நாட்களில் ஒரு வார்த்தை நன்றி சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

நாங்கள் வீடு திரும்பி மூச்சு விட்டுக்கொண்டிருந்த வேளையில், மருந்தையும் சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டு சேர்க்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துக்காகத் தமிழ்நாட்டுக்கு ஐக்கிய நாடுகள் சபையின் 2024-ஆம் ஆண்டு விருது கிடைத்த செய்தி வந்தது. உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் போன்ற தொற்றா நோய்களைத் தடுக்கவும் கட்டுப்படுத்தவும் ஐ.நா.வின் பல முகமைகளும் சேர்ந்து செயல்படுவதற்காக 2013-இல் அமைக்கப்பட்ட பணிக்குழுவும், உலக சுகாதார அமைப்பும் சேர்ந்து வழங்கும் விருது அது. நியூயார்க்கில் ஐ.நா. பொதுப் பேரவை கூடியிருந்த செப்டம்பர் மாதத்தில் அது அறிவிக்கப்பட்டபோது, எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எத்தனை தன்னார்வலர்களின் வீடுகளில் கைப்பேசி ஒலித்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். ஏனெனில், 2021 ஆகஸ்ட் 5 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் இத்திட்டத்தைத் தொடங்கி வைத்தது நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளி கிராமத்தில்தான். அங்கே தொடங்கிய வேலைக்கு உலக மேடையில் மதிப்புக் கிடைத்திருப்பதில் எனக்கு உள்ள பெருமிதத்தை மறைக்க நான் விரும்பவில்லை. 2022 மே மாதம் நாடெங்கும் உள்ள ஆஷா என்னும் சமூக சுகாதாரப் பெண் பணியாளர்களை உலக சுகாதார அமைப்பின் தலைமை இயக்குநர் உலக சுகாதாரத் தலைவர்களுக்கான விருது அளித்துப் பெருமைப்படுத்தியபோதும் இதே மகிழ்ச்சியை அடைந்தேன். வீடு வீடாக நடக்கும் பெண்களின் வேலையை உலகம் ஏறெடுத்துப் பார்ப்பது எந்த வகையிலும் சிறிய செய்தி அல்ல.

தோழியர் பலர் என்னை அழைத்து வாழ்த்தினார்கள். அந்த வாழ்த்தை நான் மனமார ஏற்றுக்கொண்டேன். ஆனால் இந்த விருது எதைப் பாராட்டுகிறதோ அதைப் பெயரளவில்கூட அறியாமல் செய்து முடித்த ஒருவரை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். என் பொறுப்பில் உள்ள ஊர்களில் ஓடைக்கு அப்பால் இருக்கும் கடைசிக் குடியிருப்பில், கடைக்கோடி வீட்டில் வாழும் அவ்வாதான் அவர். பாட்டியை எங்கள் பக்கத்தில் அவ்வா என்போம். தம் பெயரை இதில் எழுத வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. அந்தப் பக்கத்தில் அவரை அறியாதவர் இல்லை.

எழுபது வயதைக் கடந்த அவர், இரண்டு ஆடுகளை வைத்துக்கொண்டு தனியாக வாழ்கிறார். படிக்கத் தெரியாது. நான் அவருக்கு முதன்முதலாக இரத்த அழுத்தம் அளந்தபோது, கையில் சுற்றிய பட்டை இறுகியதும் அதை உருவி என்னிடமே கொடுத்துவிட்டு, தமக்கு ஒரு நோயும் இல்லை என்று உள்ளே போய்விட்டவர். பின்னர் மாத்திரையை வாங்கிக்கொள்ளச் சம்மதித்தார் என்றாலும், விழுங்காமல் கேழ்வரகுப் பானைக்குள் வைத்திருந்தார். உடலில் வலி எதுவும் இல்லாதபோது எதற்கு மருந்து என்பது அவருடைய கேள்வி. அது நியாயமான கேள்விதான். எங்கள் வேலையின் கடினமெல்லாம் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. உயர் இரத்த அழுத்தம் உள்ள வயது வந்தோரில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத் தமக்கு அது இருப்பதே தெரியாது என்கிறது உலக சுகாதார அமைப்பு. தெரிந்துகொண்டவர்களிலும் பலர், தலைசுற்றல் நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். பக்கவாதமும் மாரடைப்பும் வந்த பிறகுதான், நிறுத்தியது தவறு என்று வீட்டாருக்குத் தெரிகிறது. அவ்வாவின் தயக்கம் தீரப் பல மாதங்கள் ஆயின. நான் சொல்லிச் சொல்லி அவர் மனம் மாறவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் படுக்கையில் விழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மாறினார்.

நான் மருத்துவமனையில் இருந்த காலத்தில், என் பொறுப்பில் இருந்த வீடுகளைக் கிராம சுகாதார செவிலியரும் பக்கத்து ஊர்த் தன்னார்வலரும் பகிர்ந்துகொண்டு மாத்திரைகளைக் கொண்டு சேர்த்தார்கள். ஓடைக்கு அப்பால் உள்ள வீடுகளுக்கும் ஒருமுறை சென்று தேவையானதைக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். ஆனால் மாத்திரை வீட்டுக்கு வந்து சேர்வது வேறு, அது நாள்தோறும் வயிற்றுக்குள் போவது வேறு என்பதை இந்த வேலையில் இருக்கும் எவரும் அறிவார்கள். அடிக்கடி போய்ப் பேசிக்கொண்டிருந்த ஆள் வராமல் போனால், அந்தப் பழக்கம் மெல்ல விட்டுப்போகும். மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது, என் கணவரைப் பற்றிய கவலைக்கு அடுத்தபடியாக என்னை அரித்துக்கொண்டிருந்தது இந்த எண்ணமே.

அவ்வாவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் ஊரில் இல்லை என்று கேள்விப்பட்ட மறுநாளிலிருந்து, ஆடுகளைக் கொட்டிலில் அடைத்துவிட்டு, அடுப்பு எரியும் நேரம் பார்த்து, அவர் வீடு வீடாகப் போகத் தொடங்கியிருக்கிறார். "மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டு" என்பதுதான் அவர் கேட்டது. எழுத்துத் தெரியாததால் எந்த மாத்திரை எதற்கு என்று அவரால் படிக்க முடியாது. ஆனால் அட்டையில் எத்தனை குழி காலியாக இருக்கிறது என்று எண்ணத் தெரியும். நேற்றுப் பார்த்ததைவிட இன்று குழிகள் கூடுதலாகக் காலியாகியிருக்கின்றனவா என்பதை மனதில் வைத்துக்கொண்டார். முழுதும் தீர்ந்துபோன அட்டைகளைக் கேட்டு வாங்கி, வீட்டுக்கு வீடு தனித்தனியாக நூலால் கட்டிச் சுருக்குப் பையில் சேர்த்து வைத்தார். எந்தக் கட்டு எந்த வீட்டுடையது என்று தெரிவதற்காக, ஒவ்வொரு வீட்டிலும் கிடைத்த பழந்துணியில் ஒரு கிழிசலை நூலோடு சேர்த்து முடிந்திருந்தார்.

நான் ஊர் திரும்பிய மறுநாள் காலையில் அவர் ஓடையைக் கடந்து நடந்தே என் வீட்டுக்கு வந்தார். யானை நடமாட்டம் இருக்கும் பாதை அது. விடிந்த பிறகுதான் புறப்பட்டதாகச் சொன்னார். என் கணவரின் அருகில் சற்று நேரம் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துப் பார்த்தார். பிறகு சுருக்குப் பையை அவிழ்த்து, கட்டுகளை ஒவ்வொன்றாகத் தரையில் பரப்பினார். நான் பேச முடியாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் அவ்வா இத்தனை பாடு என்று கேட்டதற்கு, "நீ வரலைன்னு அவங்க மாத்திரையை விட்டுட்டா, நீ திரும்பி வந்து யாருக்கு மாத்திரை குடுப்ப?" என்றார்.

அந்தக் கட்டுகளில் இரண்டு மிகச் சிறியவையாக இருந்தன. ஒன்று, கட்டட வேலைக்காக ஓசூருக்குப் போய் வாரக் கடைசியில் மட்டும் வீடு திரும்புபவருடையது. அவர் அட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். மற்றொன்று, வயிற்றைப் புரட்டுகிறது என்று சுகர் மாத்திரையை யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்ட ஒரு தாயுடையது. இரண்டு பேரைப் பற்றியும் அவ்வா காரணத்தோடு சொன்னார். அவர்களை அதட்டவில்லையா என்று கேட்டேன். அது தம் வேலை இல்லை என்றும், வந்து சொல்வதே தம் வேலை என்றும் பதில் வந்தது. அன்று மாலையே கிராம சுகாதார செவிலியருடன் சென்றேன். அந்தத் தாய்க்கு, வெறும் வயிற்றில் மாத்திரை விழுங்கியதே பிரச்சினை. உணவோடு சேர்த்து எடுத்துக்கொள்ளச் சொல்லி, மருத்துவரையும் பார்க்க வைத்தோம். வேலைக்குப் போகிறவருக்கு இரத்த அழுத்தம் இருக்க வேண்டிய அளவைவிட வெகுவாக மேலே இருந்தது. அவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று வந்தார். இப்போது ஓசூரில் தங்கும் அறைக்கும் ஓர் அட்டையைக் கொண்டு செல்கிறார். ஒரு வாரம் கழித்து நான் தெரிந்துகொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று, என் வீட்டுக் கட்டிலைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

பயிற்சி வகுப்புகளில் எங்களுக்கு எத்தனையோ கற்றுத் தந்திருக்கிறார்கள். நோயாளி மருந்தை ஒழுங்காக எடுக்கிறாரா என்று கேட்டறியும் முறைகள் இருக்கின்றன. ஆனால் ஒருவரிடம் மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்டால், பெரும்பாலும் சாப்பிட்டேன் என்றுதான் பதில் வரும். எதிரில் நிற்பவர் மனம் நோகக்கூடாது என்று நினைக்கும் மக்கள் நம் மக்கள். அவ்வா எவரையும் பொய் சொல்ல வைக்காத ஒரு வழியைக் கண்டுபிடித்தார். அட்டையைக் காட்டினால் போதும், வாயைத் திறக்க வேண்டியதில்லை. உலகில் நேரும் இறப்புகளில் ஏறத்தாழ 74 விழுக்காட்டுக்குத் தொற்றா நோய்கள் காரணம் என்று புத்தகத்தில் படிக்கும்போது மலைப்பாக இருக்கிறது. அந்த மலைப்பைத் தாண்டி ஒரு குடியிருப்பில் என்ன செய்ய முடியும் என்பதை எனக்குக் காட்டியவர் அவர்தான்.

ஏனைய நன்றிகளை நான் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. ஒவ்வொன்றையும் விரித்தால் இந்த மடல் முடியாது. இரவு என்றும் பாராமல் மலைப்பாதையில் வண்டியைக் கொண்டுவந்த 108 ஊழியர்கள், சங்கச் சேமிப்பிலிருந்து கேள்வி கேட்காமல் பணம் எடுத்துக் கொடுத்த எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவினர், மாட்டைக் கறந்து பாலை ஊற்றி அந்தப் பணத்தையும் என் மகளிடம் சேர்த்த பக்கத்து வீட்டு அக்கா, பள்ளி முடிந்ததும் பிள்ளைகளைத் தம் வீட்டில் இருத்திப் படிக்க வைத்த ஆசிரியை, மருத்துவமனையில் பக்கத்துக் கட்டிலில் இருந்துகொண்டு தம் வீட்டுச் சாப்பாட்டில் எனக்கும் ஒரு பங்கு வைத்த பென்னாகரத்துக் குடும்பத்தார், மருத்துவர்கள், செவிலியர்கள், வார்டைத் துடைத்துச் சுத்தம் செய்த அம்மாக்கள் ஆகிய அனைவரையும் நான் மறக்க மாட்டேன். என் பங்கு வேலையையும் சேர்த்துச் சுமந்த தன்னார்வலர் தோழிக்கும் கிராம சுகாதார செவிலியருக்கும் தனியாக ஒரு வணக்கம். எங்கள் ஊக்கத்தொகை உயர வேண்டும் என்பது எங்கள் அனைவரின் கோரிக்கை; அதை உரிய இடத்தில் தொடர்ந்து சொல்வோம். அந்தத் தொகைக்குள் அடங்காத உழைப்பை இந்த இருவரும் எனக்காகச் செய்தார்கள்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். இப்போது என் கணவருக்கு இயன்முறைப் பயிற்சி அளிக்க, இதே திட்டத்தின் இயன்முறை மருத்துவர் எங்கள் வீட்டுக்கு வருகிறார். இவ்வளவு காலம் பிறர் வீட்டு வாசலில் நின்று அழைத்தவள் நான். வாசலில் வேறொருவர் வந்து நின்று, நோயாளி எப்படி இருக்கிறார் என்று என்னைக் கேட்டபோது, வீட்டிலிருப்பவர்களுக்கு அந்தக் குரல் என்னவாக இருக்கிறது என்பது முதன்முறையாக விளங்கியது. முதியோரும் நடக்க இயலாதவரும் பேருந்துக்கும் வரிசைக்கும் அஞ்சிச் சிகிச்சையைக் கைவிடக்கூடாது என்பதற்காகத்தான் மருந்தும், வலி தணிக்கும் பராமரிப்பும், இயன்முறைப் பயிற்சியும் வீட்டுக்கே வரும்படி இத்திட்டம் வகுக்கப்பட்டது. அந்த நோக்கத்தை நான் பலருக்கு விளக்கியிருக்கிறேன். படுக்கையில் இருப்பவரைத் தூக்கி உட்கார வைத்துக்கொண்டு, மலைச்சாலையில் எப்படிக் கொண்டுபோவது என்று தவித்த பிறகுதான் அதன் முழுப் பொருளும் எனக்குள் இறங்கியது.

அவ்வாவிடம் விருதைப் பற்றிச் சொன்னேன். ஐக்கிய நாடுகள் சபை என்பது என்ன என்று கேட்டார். என்னால் இயன்ற வரை விளக்கினேன். எல்லா நாட்டுக்காரர்களும் கூடிப் பேசும் இடம் என்றதும், அவர்களுக்கும் பிரஷர் இருக்குமா என்று கேட்டார். இருக்கும் என்றேன். அப்படியானால் அவர்களும் மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும் என்று மிகுந்த அக்கறையோடு சொல்லி அனுப்பினார். அதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

என் பொறுப்பில் உள்ள ஒவ்வொரு குடியிருப்பிலும், மனமுவந்து முன்வரும் ஒருவரை அவ்வாவைப்போல் துணைக்கு வைத்துக்கொள்வது என்றும், இனி ஒவ்வொரு சுற்றிலும் புதிய மாத்திரை கொடுக்கும்போது காலி அட்டையைக் கேட்டு வாங்குவது என்றும் முடிவு செய்திருக்கிறேன். யாருடைய நோயைப் பற்றியும் துணை இருப்பவர் வெளியில் பேசக்கூடாது என்பதைத் தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லிவிடுவேன். அட்டையைக் காட்ட விருப்பமில்லாத வீட்டாரை வற்புறுத்தவும் மாட்டேன். கிராம சுகாதார செவிலியரிடம் இதைச் சொன்னபோது, மாதாந்திரக் கூட்டத்தில் மருத்துவ அலுவலரிடம் எடுத்துரைக்க அவர் சம்மதித்தார். மற்றத் தன்னார்வலர்களும் தங்கள் ஊரில் செய்து பார்த்துவிட்டு, எது நடக்கிறது, எது நடக்கவில்லை என்று எனக்குச் சொல்லுங்கள்.

வரும் திங்கட்கிழமை முதல் நான் மீண்டும் சுற்றுக்கு வருகிறேன். இம்முறை ஓடைக்கு அப்பாலிருந்து தொடங்கி, அவ்வாவுக்கு முதலில் இரத்த அழுத்தம் அளந்துவிட்டு, பிறகு மற்ற வீடுகளுக்கு வருவேன். அதற்குள் யாருக்காவது மாத்திரை தீர்ந்துவிடும் நிலை இருந்தால், தயங்காமல் துணை சுகாதார நிலையத்திலோ என் வீட்டிலோ தெரிவியுங்கள்.

நன்றியுடன்,
மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்,
அஞ்செட்டி வட்டம், கிருஷ்ணகிரி மாவட்டம்